பச்சை வாசனை போகும் வரை

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ம்மா, தினமும் வீட்ல சமைக்கறதுக்கு நல்ல சமையல் புக்கா ஒண்ணு சொல்லும்மா. வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாக்கறதுக்குள்ள இங்க அடிப்புடிச்சிடுது" என்றாய். பிறகு நீயே சிரித்துக்கொண்டு, "உன்னப் போய் கேக்கறேன் பாரு. நீ என்னிக்கு புக் பாத்து சமைச்சிருக்க?" என்றாய். பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை. அடுப்பே எரியவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இப்பவாவது சொல்லிட வேண்டியதுதானே?" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூட ஆபீஸில் இருந்த காலமெல்லாம் யார் யாருக்கோ கடிதம் எழுதியிருக்கிறேன். உனக்கு எழுத வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை. பக்கத்து அறையில்தானே இருந்தாய்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கார்த்திகை தீபம் முடிந்த கையோடு எனக்குக் காய்ச்சல் வந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போதுதான் புனேயில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். தினமும் கூப்பிட்டு விசாரித்தாய். சரியாகிவிட்டது என்று சொன்னேன். காய்ச்சல் சரியாகத்தான் போனது. ஆனால் போகும்போது என் மூக்கையும் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கே அது முதலில் தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் சமையல் ரூமில் தரையில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். கடையிலிருந்து சாப்பிட வந்த உன் அப்பா வாசலிலிருந்தே ஓடி வந்தார். "என்னம்மா இது, தெருமுனை வரைக்கும் கருகற நாத்தம் வருது!" என்று அடுப்பை அணைத்தார். பருப்பு கரிக்கட்டையாகியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எந்த நாத்தமும் வரவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். மறைக்காமல் சொன்னார். "சில பேருக்கு திரும்பி வந்துடும்மா. சில பேருக்கு கொஞ்சமா வரும். வராமலும் போகலாம்." காலையும் மாலையும் கிராம்பையும் எலுமிச்சைத் தோலையும் மூக்கருகே வைத்து, அதன் வாசனையை நினைத்துக்கொண்டே முகர்ந்து பார்க்கச் சொன்னார். இன்றைக்கும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது நான்தான். புது வேலை, தெரிந்தால் கிளம்பி வந்து நிற்பாய். வந்து நீ என்ன செய்ய முடியும்? திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது வரவில்லை, நானும் சொல்லவில்லை.

உன்னைப் போலத்தான் நானும் நினைத்திருந்தேன், என் சமையல் என் கையில் இருக்கிறது என்று. சாமிக்குப் படைக்கும் முன்னால் வாயில் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். கொதிக்கிற குழம்பின் ஆவியில் முகத்தைக் காட்டினாலே உப்பு கம்மியா ஜாஸ்தியா என்று எனக்குத் தெரிந்துவிடும். வாசனை போன பிறகுதான் புரிந்தது, இத்தனை வருஷமும் கை போட்டதையெல்லாம் மூக்கு பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அது இல்லாமல் கை தடுமாறியது. ஒருநாள் சாம்பார் பரிமாறிவிட்டு உள்ளே போய்த் திரும்பும்போது, உன் அப்பா டம்ளர் தண்ணீரைத் தட்டில் ஊற்றி அவசரமாகப் பிசைவதைப் பார்த்தேன். "உப்பு எப்பிடிங்க இருக்கு?" என்றேன். "கரெக்டா இருக்கு" என்றார். மறுநாளும் கரெக்ட், அதற்கு அடுத்த நாளும் கரெக்ட். எனக்குச் சந்தேகம் வந்து, ஒருநாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்பே போடாமல் வைத்தேன். இரண்டாவது தடவை வாங்கி ஊற்றிக்கொண்டு, "இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

"உப்பே போடலைங்க அதுல" என்றேன்.

பிசைந்த கை அப்படியே நின்றது. "நீ வருத்தப்படக் கூடாதுன்னு…" என்று இழுத்தார்.

"நீங்க பொய் சொன்னா நான் எப்பிடிங்க சமைப்பேன்? உங்க வாய வச்சுதானே எனக்குத் தெரியணும்?" என்று கத்திவிட்டேன். நான் அப்படி அவரிடம் கத்தி நீ பார்த்ததில்லை. அவர் கை கழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற உனக்கு இதை மட்டும் சொல்லிவைக்கிறேன். சுகன்யா சமைத்தாலும் நீ சமைத்தாலும், உப்பு கம்மி என்றால் கம்மி என்று சொல்லிவிடு. அன்பாகச் சொல், ஆனால் சொல். தட்டில் தண்ணீர் ஊற்றிச் சமாளிப்பது அடுத்த நாள் சமையலையும் கெடுத்துவிடும்.

அன்று சாயங்காலம் அவர் கையில் ஒரு பெரிய பையோடு வந்தார். தேரடி வீதியில் புத்தகக் கடையில் இருந்ததிலேயே பெரிய சமையல் புத்தகமாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். பளபளவென்று அட்டை, பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். "இனிமே வாய் வேணாம், மூக்கு வேணாம். இதுல இருக்கற அளவு போட்டுட்டா முடிஞ்சது" என்றார். கருகின மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற மனிதர் அல்லவா, எத்தனை சுற்று என்று தெரிந்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை. இருவரும் உட்கார்ந்து சாம்பார் பக்கத்தைத் திறந்தோம். பருப்பு இத்தனை, புளி இத்தனை, மிளகாய்த் தூள் இத்தனை என்று வரிசையாக இருந்தது. கடைசி வரியில், உப்பு தேவையான அளவு. பக்கத்தைத் திருப்பினோம். காரக்குழம்பிலும் அதே, கூட்டிலும் அதே. உன் அப்பா புத்தகத்தை மூடிவைத்து, "தேவையான அளவு தெரிஞ்சா நாங்க ஏன்டா புக் வாங்கறோம்?" என்றார். காய்ச்சலுக்குப் பிறகு நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

சிரித்தோமே தவிர அது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. ஊரில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கினேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. அறை எடுத்துத் தங்குகிறவர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுப் போகிற புத்தகங்களையும், வீடு காலி செய்கிறவர்கள் எடைக்குப் போடுகிறதையும் வாங்கி விற்கிற கடை. கடைக்காரர் பரம்பரையாக இந்த ஊர்க்காரர், எல்லாருக்கும் அவர் பாய்தான். சமையல் புத்தகங்களை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருப்பார். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, உப்பு வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பேன். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு அவர் கேட்டார். "ஏம்மா, எல்லாரும் படம் பாப்பாங்க, இல்ல ரேட் பாப்பாங்க. நீங்க ஒரே ஒரு வரிய மட்டும் பாத்துட்டு வச்சிடறீங்களே?" யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவர், "பிரியாணி வாசனையுமா வராது?" என்று கேட்டார். வராது பாய் என்றேன். "யா அல்லா" என்று சொல்லி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரும் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

தேடத் தேட இன்னொன்றும் தெரிய வந்தது. நம் சமையல் புத்தகங்கள் எல்லாம் மூக்கு இருக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. பச்சை வாசனை போகும் வரை வதக்கவும். மணம் வரும் வரை வறுக்கவும். கமகமவென்று வந்ததும் இறக்கவும். இத்தனை வருஷம் நானே பிறருக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது அந்த வரி வரும்போதெல்லாம், எல்லாரும் ஏறிப் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

பாய்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஒருநாள் போன் செய்து, "வாங்கம்மா, இதுல உப்பு போட்டிருக்கான்" என்றார். அட்டையும் முன்பக்கங்களும் கிழிந்துபோன புத்தகம். பெயரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. ஹாஸ்டலில் இருக்கிற பெண்களுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்த யாரோ ஒரு அம்மா எழுதியிருக்க வேண்டும் என்று படிக்கும்போது தெரிகிறது. உப்பு முக்கால் டீஸ்பூன், தலை தட்டி. வெங்காயம் ஓரத்தில் மட்டும் தேன் நிறமாகும் வரை. தக்காளி குழைந்து, எண்ணெய் பிரிந்து கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டாமல் வரும் வரை. கடுகு வெடிப்பது நின்ற பிறகு பத்து எண்ணி, கறிவேப்பிலை. எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் சொன்ன வார்த்தைகள். யாரை நினைத்துக்கொண்டு அந்த அம்மா அப்படி எழுதினாரோ. கடையிலேயே உட்கார்ந்து பருப்பு ரசம் வரைக்கும் படித்தேன். பாய் காசு வாங்க மறுத்தார். "மொதல்ல செஞ்சு பாருங்க, வேலைக்காச்சுன்னா பாத்துக்கலாம்" என்றார்.

வேலைக்கு ஆனது. அளவு கரண்டிகள் ஒரு செட் வாங்கினேன். இருந்தாலும் புத்தகம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. புளி வாராவாரம் மாறுகிறது, மிளகாய்த் தூள் அரைப்புக்கு அரைப்பு மாறுகிறது. அதற்கு ஒரு மூக்கு வேண்டியிருந்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டு அடுப்பருகே நிறுத்தினேன். உனக்குத் தெரியும், தண்ணீர் குடிக்கக்கூட அவர் சமையல் ரூமுக்குள் வருகிற ஆள் இல்லை. "எப்பிடி இருக்குங்க வாசனை?" என்றால், "நல்லா இருக்கு" என்பார். "நல்லா இருக்குன்னா என்னங்க? பச்சை வாசனை போச்சா இல்லையா?" என்றால் திருதிருவென்று விழிப்பார். பாவம், அவருக்குத் தெரிந்த வாசனை கருகின காயிலும் வார்னிஷும்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து விவசாயிகள் பம்ப்செட் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால், திறக்கும் முன்பே முகர்ந்து பார்த்து என்ன கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதே மனிதர் மசாலாவின் முன்னால் பரீட்சைக்குப் படிக்காத பையன் மாதிரி நின்றார். "கொஞ்சம் வார்னிஷ் மாதிரி வருதும்மா" என்று ஒருநாள் சொன்னார். பார்த்தால் வெங்காயம் சரியாகச் சிவந்திருந்தது. அப்படியே நாங்கள் இருவரும் ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டோம். லேசான வார்னிஷ் என்றால் வெங்காயம் பதம். மண்ணெண்ணெய் மாதிரி என்றால் மிளகாய்த் தூள் இன்னும் பச்சை. மழை மாதிரி என்றால் கொத்தமல்லி. கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்க ஆரம்பித்தார். காலையில் நான் வதக்குவேன், அவர் பக்கத்தில் நின்று புத்தகத்தை உரக்கப் படிப்பார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து நின்றதே இல்லை.

இந்த நிலையில்தான் சுகன்யா வீட்டார் நம் வீடு பார்க்க வந்தார்கள். நீயும் லீவு போட்டு வந்திருந்தாய். "ஓட்டல்ல சொல்லிடலாம்மா, ரிஸ்க் எடுக்காத" என்றார் உன் அப்பா. நான் கேட்கவில்லை. என் பிள்ளைக்குப் பெண் கொடுக்கிறவர்கள் முதல் தடவை வாசல் ஏறி வருகிறார்கள், அவர்களுக்கு நான் சமைக்காமல் யார் சமைப்பது? விடியற்காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது, அவரைப் பக்கத்தில் நிறுத்திச் சாம்பாரையும் பாயசத்தையும் முடித்துவிட்டேன். வத்தக்குழம்பு அடுப்பில் இருக்கும்போதே வேலூரிலிருந்து வண்டி வந்துவிட்டது. அவர் வரவேற்கப் போக வேண்டியதாயிற்று. நான் தனியாக நின்றேன். ஹாலில் சிரிப்புச் சத்தம், உன் குரல். எனக்கு முன்னால் கொதிக்கிற குழம்பு. அது எனக்கு எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தில் எழுதியிருந்த மாதிரி எண்ணெய் மேலே வந்து, ஓரத்தில் மெல்லிய கோடாகப் பிரிகிறதா என்று பார்த்தேன். பிரிந்தது. அந்த முகம் தெரியாத அம்மாவை நம்பி அடுப்பை அணைத்தேன்.

சாப்பிடும்போது சுகன்யாவின் அம்மா, "வத்தக்கொழம்பு எப்பிடிங்க செஞ்சீங்க, இவ்ளோ வாசனையா இருக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க. பச்சை வாசனை போற வரைக்கும் பொறுமையா வதக்கணும், அவ்ளோதான்" என்றேன். உன் அப்பா குனிந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். நீ பெருமையாகச் சொன்னாய். "எங்கம்மா எதையும் அளந்தே போட மாட்டாங்க ஆன்ட்டி. எல்லாம் கை அளவுதான்." அளவு கரண்டிகள் அப்போது மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. பிறகு என்னைப் பார்த்து, "அப்பிடியே இருக்கும்மா. கொஞ்சம்கூட மாறல" என்றாய். மோர் எடுத்து வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அது சந்தோஷம்தான். ஆனால் என் சமையல் எப்படி இருக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ இங்கே இருந்த காலத்தில் எப்போது வெளியூர் போனாலும் உன் தலையணை உறையை ஒரு வாரம் துவைக்க மாட்டேன். தலைக்கு நீ தேய்க்கிற எண்ணெய், உன் வியர்வை எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை அதில் இருக்கும். உன் அறையைப் பெருக்கப் போகும்போது ஒரு தடவை முகத்தில் வைத்துக்கொள்வேன். சுகன்யா வீட்டார் வந்த அந்தத் தடவையும் நீ பஸ் ஏறிய பிறகு போய் எடுத்தேன். வெறும் துணி. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். அன்றைக்கே துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். குழம்பு வாசனை தெரியாமல் வாழ்ந்துவிடலாம் என்று பழகியிருந்தேன். இதற்கு இன்னும் பழகவில்லை.

நாக்கு மட்டும் இப்போது பாதி திரும்பியிருக்கிறது. உப்பும் புளிப்பும் காரமும் தெரிகிறது. வாசனை இல்லாமல் ரசம் எனக்குப் புளிப்பான வெந்நீர்தான். சரி, அதை விடு. நீ கேட்டதற்கு வருகிறேன். படத்தைப் பார்த்து வாங்காதே. கடையிலேயே நின்று, உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சமையலின் பக்கத்தைப் பிரித்துப் படி. அதை எழுதியவர் சொல்கிற விதம் உனக்குப் புரிகிறதா என்று பார். எத்தனை பேருக்கான அளவு என்று பார். இரண்டு பேருக்குச் சமைக்கப் போகிற நீ எட்டுப் பேருக்கான அளவை வகுத்துக்கொண்டிருக்க முடியாது. உன் தெருமுனைக் கடையில் கிடைக்காத சாமான்களை வரிசையாகக் கேட்கிற புத்தகம் அலமாரிக்குத்தான் போகும். ஆபீஸ் முடிந்து களைத்து வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இதைச் செய்வேனா என்று உன்னையே கேட்டுக்கொள். தப்பாகிப் போனால் எப்படிச் சரிசெய்வது என்று சொல்கிற புத்தகம் கிடைத்தால் விடாதே, அதை எழுதியவர் உண்மையாகவே அடுப்பில் நின்றவர். நிறைய வாங்காதே. ஒன்றோ இரண்டோ போதும், எண்ணெய்க் கறை படிகிற அளவுக்கு அதிலேயே செய். சுகன்யாவும் நீயும் ஒருவர் படிக்க ஒருவர் கிளறுங்கள். அது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

உன் அப்பா என்ன சொல்கிறார் என்றால், அந்த அட்டையில்லாத புத்தகத்தையே உனக்கு அனுப்பிவிடு, நமக்குத்தான் பாதி மனப்பாடம் ஆகிவிட்டதே என்கிறார். ஜெராக்ஸ் எடுக்கலாம், தையல் பிரிந்தாலும் பரவாயில்லை என்கிறார். நீயும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வாய். யோசித்துப் பார்த்தேன். எதுவும் அனுப்பப் போவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாலைந்து நாள் லீவு போட்டுக்கொண்டு நீயே வா. பௌர்ணமியை ஒட்டி வராதே, கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், உன் அப்பா கூட்டத்தில் வந்து உன்னைத் தேட முடியாது. வந்து, வேண்டியதையெல்லாம் நீயே உட்கார்ந்து எழுதிக்கொள். காலையில் உன் அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு நாம் இருவரும் சமைப்போம். அவருக்கு வந்த வார்த்தைகளை வைத்து நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். உனக்கு அவரைவிட நன்றாகப் பேச வரும். கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டதும் எப்படி வருகிறது, பெருங்காயம் எப்படி வருகிறது என்று எனக்குப் பக்கத்தில் நின்று சொல். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

உன் அம்மா